கேசினோ அதிபர் கோமாவில் இருக்கிறார்

ஜூன் 9, திங்கள்

இன்று பூஜை. சீரியலின் பெயர் ‘யோகச் சக்கரம்’. கோவாவில் ஏழு மாடி கேசினோ ஹோட்டல் நடத்தும் பெரும்புள்ளி ராஜசேகர பூபதியாக நான். முப்பத்திரண்டு வருஷமாக நடிக்கிறேன். இதுவரை நாற்பத்தோரு தடவை செத்திருக்கிறேன். கதாநாயகியின் அப்பா என்றால் மூன்றாவது எபிசோடில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும், நான்காவதில் மாலை போட்ட படமாகிச் சுவரில் ஏறிவிட வேண்டும். கோதண்டபாணியைக் கூப்பிடு என்று சொன்னாலே ஆர்ட் டிபார்ட்மெண்டில் மாலைக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள். இந்த முறை அப்படி இல்லை. டைரக்டர் பரஞ்சோதி என் கையைப் பிடித்துக்கொண்டு, “சார், இது ஆயிரம் எபிசோடு. நீங்கதான் தூண்” என்றார்.

திலகவதி ஊரில் இல்லாதபோது இது நடக்கிறது. தாராபுரத்தில் அவள் அண்ணன் சென்னியப்பன் புதுவீடு கட்டியிருக்கிறார். கிரகப்பிரவேசத்துக்கு ஒத்தாசையாக என் சம்சாரம் போய் மூன்று வாரம் ஆகிறது. கிரைண்டரையும் எடுத்துப் போயிருக்கிறாள். கூட்டம் வருகிற வீடு, மாவு நிறைய ஆட்ட வேண்டியிருக்கும்.

வீட்டில் நான் அதிகம் பேசுவதில்லை. குரல்தான் நடிகனின் முதல். அதை ‘உப்பு கம்மி’, ‘கேஸ் வந்துச்சா’ என்று சில்லறையாகச் செலவழிக்கக் கூடாது என்பது என் கொள்கை. திலகவதிக்கு இது புரியும் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.

மச்சானுக்கு ஃபோன் போட்டு, 23-ம் தேதியிலிருந்து சாயங்காலம் ஏழரைக்கு டிவி போடச் சொல்லியிருக்கிறேன். நான் பேசுவதை அவள் கேட்க வேண்டும். கேட்டால் வந்துவிடுவாள்.

ஜூன் 12, வியாழன்

குன்றத்தூர் சாலையில் மூடிக்கிடந்த ஒரு கல்யாண மண்டபம்தான் எங்கள் கேசினோ. ‘மணமகன் அறை’ என்ற போர்டின் மேல் ‘வி.ஐ.பி. லவுஞ்ச்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். சூதாட்டச் சக்கரம், மூடிப்போன சைனீஸ் ஹோட்டலிலிருந்து வாங்கிய சுழலும் சாப்பாட்டு மேசை. கிட்டே குனிந்தால் சோயா சாஸ் வாடை அடிக்கிறது. எண் எழுதிய பெயிண்டர் எட்டையும் பதின்மூன்றையும் எழுதவில்லை. ராசியில்லையாம். பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லைகள் எல்லாம் தங்கப் பெயிண்ட் அடித்த கேரம் காய்கள். ஜன்னலுக்கு வெளியே புரோட்டா கடை என்பதால் திரையை மூடிவிட்டு, ‘கோவா கடல் எவ்ளோ அழகு’ என்று திரையைப் பார்த்து வசனம் பேசுகிறார்கள்.

யூனிட்டில் ஒருவரும் கேசினோவைப் பார்த்ததில்லை. “ஜெயிச்சா என்ன சார் சொல்லணும்?” என்று டைரக்டர் என்னிடம் கேட்டார். நான் கண்டது கல்யாண வீட்டுச் சீட்டு மட்டும். கடைசியில், சக்கரத்தில் ஜெயித்தவர் எழுந்து நின்று “ரம்மி!” என்று கத்துவது என முடிவானது.

எனக்கு நான்கு பக்க வசனம். ஒரே டேக்கில் முடித்தேன். லைட்மேன்கள் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து அதையே கண்ணாடி முன்னால் இன்னொரு தடவை பேசிப் பார்த்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஜூன் 26, வியாழன்

சேனலிலிருந்து நிவேதிதா மேடம் வந்தார். சீரியல் ஒளிபரப்பாகி இன்றோடு நான்கு நாள்.

“சூதாட்ட ஹோட்டல் ஓனர் இப்படித் தெம்பா நடமாடிட்டிருந்தா லேடீஸுக்கு எரிச்சலா இருக்கும். படுக்கையில போட்டுட்டா பாவம்னு தோணும்” என்றார்.

“படுக்கைன்னா மேடம்?” என்று கேட்டேன்.

“கோமா.”

“எத்தனை நாள் கோமா?”

“டி.ஆர்.பி. ஏறுற வரைக்கும் சார்.”

சாயங்காலமே மயங்கினேன். சக்கரத்தின் மேல் விழச் சொன்னார்கள், விழுந்தேன். அது சுழலும் மேசை என்பதை யாரும் யோசிக்கவில்லை. என்னோடு சேர்ந்து இரண்டு சுற்றுச் சுற்றி, என் பாதம் இரண்டும் கேமராவுக்கு நேரே வந்து நின்றன. “சூப்பர் சார், இதுக்கு மேல யாரும் மயங்க முடியாது” என்றார் பரஞ்சோதி.

ஜூலை 3, வியாழன்

டி.ஆர்.பி. 1.1. ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

கோமாவில் இருப்பது சுலபம் என்று வெளியே நினைக்கிறார்கள். மூக்கில் குழாய், முகத்தில் ஈ. ஈயை ஓட்டினால் ரீடேக். என் மனைவி பார்வதியாக நடிக்கும் ஹேமமாலா தினமும் என் காலடியில் உட்கார்ந்து அழுகிறார். நல்ல நடிகை. டைரக்டர் ‘கட்’ சொன்னதும் அதே கையால் ஃபோனை எடுத்து, “முருங்கைக்காயை நீளமா வெட்டாதேன்னு சொன்னேனா இல்லையா” என்று வீட்டுக்குப் பேசுவார். ‘ஆக்‌ஷன்’ என்றதும் மறுபடி என் கை.

இரண்டு மணி நேரம் ஒருவர் நம் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு மாதிரி இருக்கிறது. பிடித்திருந்தது என்றே எழுதிவிடுகிறேன். தொழில் முறையில்தான்.

கேசினோவில் சீட்டுப் போடும் பெண்கள் இன்றிலிருந்து பட்டுப்புடவை கட்டுகிறார்கள். சேனல் உத்தரவு. கதாநாயகி சக்கரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்த பிறகுதான் ஆட்டம் தொடங்கும்.

வீட்டில் பெருங்காய டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கேட்டால் சொல்லுவாள். ஃபோன் பண்ணிப் பெருங்காயமா கேட்பது?

ஜூலை 22, செவ்வாய்

மச்சானுக்கு ஃபோன் பண்ணினேன்.

“மாப்ளைங்களா? நல்லாருக்கீங்களா?”

“திலகா சீரியல் பாக்குறாளா மச்சான்?”

“பாக்குதுங்க. ஒரு நாள் உடறதில்ல.”

“என்ன சொல்றா?”

“நீங்க பேசாமப் படுத்திருக்கறதப் பாத்துட்டு, ‘ஊட்லயும் இப்புடித்தானுங்ணா’ன்னுச்சுங்க.”

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் கிரகப்பிரவேசம் வைப்பதில்லை. ஆவணிக்குத் தள்ளி வைத்திருப்பார் போலிருக்கிறது. நான் கேட்கவில்லை.

ஜூலை 30, புதன்

ஒரே ஒரு வசனம் வேண்டும் என்று பரஞ்சோதியிடம் ஒரு வாரமாகக் கெஞ்சினேன். என் சர்வீஸில் யாரிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை. அவர் சேனலோடு பேசி ஒரு விரல் வாங்கித் தந்தார். வலது கை ஆள்காட்டி விரல். லேசாக அசைய வேண்டும்.

பதினொரு டேக். முதலில் அதிகமாக அசைத்துவிட்டேனாம், ஆட்டோ கூப்பிடுகிற மாதிரி இருந்ததாம். பிறகு போதவில்லையாம். கடைசியில் விரலில் நூலைக் கட்டி, புரொடக்‌ஷன் மேனேஜர் கிருபாகரன் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு இழுத்தார். என் விரலை ஆட்டக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கேசினோவில் வரலட்சுமி விரதம். சக்கரத்தின் நடுவே கலசம் வைத்து, சுற்றிலும் கேரம் காய்களைக் குவித்து, பட்டுப்புடவைப் பெண்கள் பாடினார்கள். ஸ்டாண்ட் ஃபேனைத் திருப்பி வைத்ததில் சக்கரம் மெல்லச் சுழல ஆரம்பித்தது. அம்மன் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துக்கொண்டே வந்து இருபத்து மூன்றில் நின்றாள். மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு துணை நடிகர் பழக்கதோஷத்தில் எழுந்து “ரம்மி!” என்று கத்திவிட்டார். டைரக்டர் அதையும் வைத்துக்கொண்டார்.

சுண்டல் நன்றாக இருந்தது. கோமாவில் இருந்ததால் எனக்குக் கடைசியில்தான் வந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

டி.ஆர்.பி. 0.8. என்னைக் கொன்றுவிட முடிவாகிவிட்டது.

நான் டைரக்டரிடம் நேராகவே கேட்டேன். “சாகும்போது ஒரு வார்த்தை பேசிட்டுச் சாகறேன். ‘திலகா’ன்னு மட்டும் சொல்றேன்.”

“சார், உங்க சம்சாரம் கதையில பார்வதி. நாப்பது எபிசோடா பார்வதி. நீங்க திடீர்னு திலகான்னா ரெண்டாவது சம்சாரம்னு நினைப்பாங்க. அப்புறம் அதுக்கு ஒரு ஆர்ட்டிஸ்ட் போடணும்.”

சரி என்று சொல்லிவிட்டேன். அவருக்கு என்ன தெரியும்? வீட்டுக்கு நடந்தே வந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. புழுதி என்று சொல்லலாம், ஆனால் அப்போதுதான் மழை பெய்து ஓய்ந்திருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

நாற்பத்திரண்டாவது சாவு. பாடை, சங்கு, மாலை, எல்லாம் வழக்கம்போல. ஹேமமாலா புரண்டு அழுதார்.

எங்கள் தொழிலில் ஒரு சாங்கியம் உண்டு. பிணமாக நடித்தவர், அந்தக் காட்சி முடிந்ததும் அதே இடத்தில் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். கையில் ஒரு ரூபாய் கொடுத்து, பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். அப்போதுதான் தோஷம் கழியும். இந்தச் சிரிப்பை யாரும் ஒளிபரப்ப மாட்டார்கள். நான் நாற்பத்தோரு தடவையும் பல்லை மட்டும் காட்டியிருக்கிறேன். சிரித்தால் முகத்தில் கோடு விழும், பணக்கார அப்பா வேஷத்துக்கு ஆகாது.

இன்று பல்லைக் காட்டக்கூட வரவில்லை. “சார், சிரிச்சாதான் பேக்கப். எதையாவது நினைச்சுக்கங்க” என்றார் பரஞ்சோதி. பாடையில் உட்கார்ந்தபடி எதையோ நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தேன். கிருபாகரன் கொடுத்த ஒரு ரூபாயை வாங்கக்கூட முடியவில்லை. யூனிட்டே வேடிக்கை பார்த்தது.

என்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எடிட்டர் ஜூடு மூன்று சீரியலுக்கு ஒரே ஆள். மூன்று நாளாகத் தூங்கவில்லையாம். அந்தச் சிரிப்பையும் அதே காட்சி எண்ணில் பார்த்துச் சேர்த்து ஒட்டி அனுப்பிவிட்டார்.

ஏழு ஐம்பத்தைந்துக்கு தமிழ்நாடு முழுக்கப் பார்த்தது இதுதான். பெண்கள் மாரடித்து அழுகிறார்கள். சங்கு ஊதுகிறது. பிணம் மாலையோடு எழுந்து உட்கார்ந்து, எல்லார் வீட்டு ஹாலையும் நேராகப் பார்த்து, வயிறு குலுங்கச் சிரிக்கிறது. பக்கத்திலிருந்து ஒரு கை மட்டும் வந்து ஒரு ரூபாயை நீட்டுகிறது. அத்தோடு அன்றைய எபிசோடு முடிந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது.

ஆகஸ்ட் 23, சனி

காலையில் ஃபோன். தாராபுரம் நம்பர். மச்சான் என்று நினைத்து எடுத்தேன்.

“ஏனுங்க, நாந்தானுங்க.”

மூன்று மாதம் கழித்து அவள் குரல்.

“நேத்து நாடகத்துல சிரிச்சீங்களே.”

“ஆமா.”

“என்னத்த நெனச்சுச் சிரிச்சீங்க?”

“கேமராவப் பாத்துச் சிரிச்சேன். அது ஒரு சாங்கியம்.”



“சரீங்க. சாப்ட்டீங்களா?”

“ம்.”

“வெச்சர்றனுங்க.”

முப்பத்திரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த குரல். அவள் கேட்டபோது அதிலிருந்து எடுத்துக் கொடுத்தது ஒரு ‘ம்’. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. திரும்ப ஃபோன் பண்ண நான்கு தடவை எடுத்தேன். எழுதிக் கொடுக்க ஆள் இல்லாமல் எனக்குப் பேச வராது போலிருக்கிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

டி.ஆர்.பி. 4.9. ஆபீசில் கேக் வெட்டினார்கள். செத்தவன் சிரித்ததை அறுபது லட்சம் பேர் ஃபோனில் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்களாம். நிவேதிதா மேடம் முதல்முறையாக என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

“நீங்க சாகல சார். பார்வதியோட தாலி பாக்கியத்துல பாடையிலயே குணமாயிடுச்சு.”

“அப்ப நான் பேசலாமா மேடம்?”

“ஐயோ, பேசவே கூடாது. அந்தச் சிரிப்புதான் சார் மேட்டர். தினமும் ரெண்டு சிரிப்பு.”

ஒரு ரூபாய் நீட்டிய கை யாருடையது என்று நேயர்கள் கேட்கிறார்களாம். ஆகவே கிருபாகரனின் கைதான் இனி வில்லன். கை மட்டும் வரும். அவர் இப்போது கைக்குத் தனியாக மேக்கப் போட்டுக்கொள்கிறார், டிபன் பொட்டலம்கூடத் தூக்குவதில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

சிரிப்பு வரவில்லை. இரண்டு வாரமாகப் பல்லைத்தான் காட்டினேன். மேடம், “சார், அன்னைக்கு மாதிரி” என்கிறார். அன்றைக்கு மாதிரி என்றால் அதை நினைக்க வேண்டும். நினைத்தால் இப்போது அழுகை வருகிறது.

டி.ஆர்.பி. 0.7. சீரியலை மதியம் ஒன்றரைக்குத் தள்ளிவிட்டார்கள். அடுத்த வாரம் ஊற்றி மூடுகிறார்கள். ஆயிரம் எபிசோடு என்றது அறுபத்தைந்தில் நின்றுவிட்டது.

ஒரு நல்ல சேதி. யார் கொலைகாரன், யாருக்கு யார் பிள்ளை, கை யாருடையது, சக்கரத்தில் எட்டும் பதின்மூன்றும் ஏன் இல்லை, எல்லாவற்றையும் ஒரே எபிசோடில் ராஜசேகர பூபதி சொல்லி முடிக்கிறார். எனக்கு ஏழு பக்க வசனம்! புதன்கிழமை ஷூட்டிங். இதைக் கேட்டால் அவள் வருவாள்.

செப்டம்பர் 17, புதன்

இனி இந்த நோட்டில் பொய் எழுதிப் பிரயோஜனமில்லை. மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசம் போன வருஷமே முடிந்துவிட்டது. நானே போய் இரண்டு தம்ளர் பாயசம் குடித்துவிட்டு வந்தேன். திலகவதி என்னை விட்டுத்தான் போனாள்.

காலை பத்து மணிக்கு மேக்கப் போட்டு, கோட்டு மாட்டி, ஏழு பக்கமும் மனப்பாடமாக உட்கார்ந்திருந்தேன். மச்சான் கூப்பிட்டார்.

“மாப்ளை, நம்ம திலகா பாப்பா இன்னிக்கு மெட்ராஸ் வருதுங்க. மிச்சச் சாமானை எடுத்துட்டுச் சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸுக்குத் திரும்புதுங்க. நீங்க சூட்டிங்குல இருப்பீங்கன்னுதான் இன்னிக்குப் பாத்து வருது. சொல்ல வேண்டாம்னுதான் சொன்னுச்சு. எனக்கு மனசு கேக்கலீங்க.”

எழுந்துவிட்டேன். பரஞ்சோதி வாசலில் கையை விரித்து மறித்தார். “சார், இன்னைக்கு ராத்திரி எடிட்டுக்குப் போகணும். உங்களுக்கு வசனம் சார்! ஏழு பக்கம்!”

“வீட்டுல ஒரு சீன் இருக்கு.”

“அப்ப ‘இனி இவருக்குப் பதில் இவர்’னு போட்டுருவேன்.”

“போட்டுக்கங்க.”

சுற்றிப் பார்த்தார். பேண்ட் சட்டையோடு நின்றது கிருபாகரன் மட்டும். “கோட்டைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க சார்” என்றார். கொடுத்தேன். கிருபாகரன் போட்டதும், கோட்டுக் கை நீளமாகி அவருடைய பேர் பெற்ற கை உள்ளே மறைந்துவிட்டது.

பவுடர் பூசிய முகத்தோடு பஸ் ஏறினேன். பின்சீட்டு அம்மா ஒருத்தர், “நீங்க செத்துட்டுச் சிரிச்சவர்தானே? ஒருக்கா சிரிங்களேன்” என்றார். “வீட்டுக்குப் போயிட்டுச் சொல்றேம்மா” என்றேன்.

திலகவதி சமையலறையில் இருந்தாள். பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“சூட்டிங் இல்லீங்களா?”

“அன்னிக்கு நீ கேட்டியே. நான் கேமராவப் பாத்துச் சிரிக்கல.”

நான் நின்றுகொண்டே ஆரம்பித்தேன். கல்யாணம் ஆன புதிது. கோடம்பாக்கத்தில் ஒற்றை அறை. இன்ஸ்பெக்டர் வேஷத்துக்கு வாங்கிய ஒட்டு மீசையைக் கண்ணாடிப் பக்கத்தில் சுவரில் ஒட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால், இவள் பூரான் என்று நினைத்து அதை விளக்குமாற்றால் அடித்து, கீழே விழுந்ததைச் செருப்பால் நசுக்கி, முறத்தில் அள்ளித் தெருவில் கொட்டி, மேலே உப்பும் தூவியிருந்தாள். அன்றைக்கு நான் தெருவில் பொறுக்கிய பாதி மீசையோடு போய் ஒரு திருடனைப் பிடித்தேன்.

“பாடையில உக்காந்திருக்கும்போது நீ அதுக்கு உப்புத் தூவினது ஞாபகம் வந்துச்சு. அதான் சிரிச்சேன்.”

திலகவதி சாக்கின் வாயைப் பிடித்தபடியே இருந்தாள். “அன்னிக்கு நான் உழுந்து உழுந்து சிரிச்சனுங்க. நீங்க, ‘தொழில் சாமான்ல கைய வெச்சுட்டு இளிக்கிறியா’ன்னு ஒரு சத்தம் போட்டீங்க. அதுக்கப்பறம் இந்த ஊட்ல யாருமே சிரிக்கலீங்க.”

“எனக்கு அந்தச் சிரிப்பு இப்பத்தான் வந்துச்சு திலகா.”

“முப்பத்தோரு வருசம் கழிச்சுங்களா?”

“லேட்டுதான். தப்பு என் பேர்லதான்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துபோனேன். அழவில்லை. “உப்புத் தூவுனா எறும்பு வராதுன்னு நெனச்சனுங்க” என்றாள், வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு.

பிறகு நான் நிறுத்தவில்லை. கோமாவில் மூக்கில் ஈ உட்கார்ந்தது, விரலில் நூல் கட்டியது, அம்மன் இருபத்து மூன்றில் நின்றது, எல்லாம் சொன்னேன். அவள் சாக்கை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நானும் எதிரே உட்கார்ந்தேன். கடிகாரத்தைப் பார்த்தால் மணி நாலே முக்கால். என் வாய் சும்மா இருக்கக் கூடாதா, “ஆறு மணி பஸ்ஸுன்னா இப்பவே ஆட்டோ பிடிக்கணும்” என்று சொல்லிவிட்டேன்.

“பஸ்ஸு நாளைக்கும் இருக்குதுங்க” என்றாள். “நீங்க சொல்லி முடிங்க.”

நான் முடிக்கவில்லை. இத்தனை வருஷம் சீரியலில் இருந்தவனுக்கு ஒரு கதையை இழுக்கத் தெரியாதா என்ன?